அயன் எஞ்சினைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட பேப்பரில மட்டும் எண்டில்லை, இஞ்ச வாற எல்லாப் பேப்பரிலயும் இந்தப் பழக்கம் இருக்கு. எங்கயாவது ஒரு விண்கல் பூமிக்குக் கிட்ட வருது எண்டு வெளிநாட்டுச் செய்தி வந்தால் முன்பக்கத்தில சிவப்பு எழுத்தில போடுறது, பிறகு அது வராது எண்டு தெரிஞ்சால் அதைப் பற்றி உள்பக்கத்திலயும் ஒரு வரி இல்லை. 2024 வைஆர்4 எண்ட கல்லை எடுங்கோவன். 2024 டிசம்பர் கடைசியில கண்டுபிடிச்சவை, 2025 பெப்ரவரியில அது 2032 டிசம்பர் 22 இல பூமியில விழுற சாத்தியம் 3 வீதத்துக்குக் கொஞ்சம் மேல ஏறினது, அதே மாதம் முடிய முதலே கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறங்கிட்டுது. ஏறினது என்ர கடைக்கு வாற எல்லாருக்கும் தெரியும், இறங்கினது கேட்டுப் பாத்தால் ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் ஏறிப் போட்டு இறங்கினது எண்டும் ஒருத்தரும் எழுதேல்ல. முதல்ல கல்லு எந்தப் பாதையால வரும் எண்டு வடிவாத் தெரியாது, ஒரு அகலமான பட்டையா கீறி வச்சிருப்பினம், அந்தப் பட்டைக்குள்ள பூமியும் ஒரு புள்ளியா கிடக்கும். நாள் போகப் போக அளவெடுத்து பட்டையை ஒடுக்க ஒடுக்க, பூமி இன்னும் உள்ளுக்கை இருக்குமட்டும் வீதம் கூடிக்கொண்டுதான் வரும், பூமி பட்டைக்கு வெளியில போன உடன பொத்தெண்டு விழும். இவ்வளவுதான் விசயம், நாலு வரி காணும்.

சரி, நான் எழுத வந்தது இந்தப் பயத்தைப் பற்றி இல்லை. இந்தக் கல்லுகளுக்குக் கிட்டப் போய், சுத்தி வந்து, தொட்டு, மண் அள்ளிக்கொண்டு திரும்பி வந்த மெசினுகளைப் பற்றி எங்கட பேப்பருகளில ஒண்டும் வாறேல்ல, அதிலயும் அந்த மெசினுகளைத் தள்ளிக்கொண்டு போற அயன் எஞ்சினைப் பற்றி நான் தமிழில ஒழுங்கா ஒண்டு வாசிச்சது இல்லை. கொக்குவில் பக்கத்தில றேடியோ ரீவி திருத்துற கடை வச்சிருக்கிற ஆள் நான், ரொக்கெட் படிச்சவன் இல்லை, ஆனா இந்த எஞ்சினை முதல் முதலாப் படத்தில பாத்த உடன எனக்கு விளங்கினது, ஏனெண்டால் இது எங்கட பழைய ரீவி பிக்சர் ரியூப்பின்ர அண்ணன்தம்பி.

பிக்சர் ரியூப்பின்ர கழுத்துக்குள்ள ஒரு கதோட் சூடாகி இலத்திரனை விடும், முன்னுக்கு கிறிட், பிறகு அனோட்டில 20 ஆயிரம் வோல்ற்றுக்கு மேல ஹைரென்சன், இலத்திரன் பாய்ஞ்சு போய் திரையில அடிக்கும், வெளிச்சம் வரும். அயன் எஞ்சினிலயும் ஒரு கதோட் இலத்திரனை விடுது, ஆனா அது திரைக்குப் போறேல்ல, ஒரு சின்ன அறைக்குள்ள செனன் எண்ட வாயு இருக்கு, அதில போய் அடிக்குது, அடிச்ச அடியில செனன் அணுவில இருந்து ஒரு இலத்திரன் கழண்டு போக அது நேர் ஏற்றம் உள்ள அயனா மாறுது. அறையின்ர வாயில ரெண்டு உலோகத் தட்டு, ஆயிரக்கணக்கில சின்னச் சின்ன ஓட்டை, ரெண்டுக்கும் நடுவில ஆயிரத்துச் சொச்சம் வோல்ற். அயன் அந்த ஓட்டையால செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில வெளியில பாயும். அது பின்னால பாய விண்கலம் முன்னால போகும், நியூற்றன்ர மூண்டாம் விதி, ஓ.எல் பிள்ளையளுக்கே தெரியும்.

இதில எனக்குக் கனக்கப் பிடிச்ச சாமான் வெளியில பூட்டியிருக்கிற இன்னொரு குட்டிக் கதோட். நியூட்ரலைசர் எண்டு சொல்லுவினம். நேர் ஏற்றத்தை மட்டும் வெளியில விட்டுக்கொண்டே இருந்தால் விண்கலம் முழுக்க மறை ஏற்றம் ஆகிடும், விட்ட அயனெல்லாம் திரும்ப வந்து விண்கலத்திலயே ஒட்டப் பாக்கும், தள்ளு இல்லாமல் போகும். அதால வெளியில போற அயனோட சேத்து இலத்திரனையும் துப்ப வேணும். எர்த் இல்லாத இடத்தில சேர்க்கிட்டை முடிக்கிறது எப்பிடி எண்டு யோசிச்ச ஆளுக்கு நான் கும்பிடு போடுவன்.

செனன் ஏன் எண்டு கேப்பீங்கள். பாரமான அணு, ஒண்டோடயும் சேராத சடத்துவ வாயு எண்டபடியால் எஞ்சினை அரிக்காது, இறுக்கி அடைச்சால் கொஞ்ச இடத்தில கனக்க வச்சுக்கொண்டு போகலாம். முந்தி இரசத்தை வச்சுத்தான் செய்து பாத்தவை, 1964 இல நாசா சேர்ட்-1 எண்டு ஒண்டை மேல அனுப்பி 31 நிமிசம் விண்வெளியில ஓட்டிப் பாத்தவை, அதுதான் துவக்கம். பிறகு 1998 ஒக்ரோபரில டீப் ஸ்பேஸ் 1 எண்ட விண்கலம் செனன் எஞ்சினோட போய் அடுத்த வருசம் பிரெய்ல் எண்ட சிறுகோளையும் 2001 இல பொரெல்லி எண்ட வால்வெள்ளியையும் பாத்தது.

இப்ப இதின்ர தள்ளு எவ்வளவு எண்டு சொன்னால் சிரிப்பீங்கள். முழுசா ஓடேக்க 90 மில்லிநியூற்றன் அளவு. 9 கிராம் சாமானை கையில வச்சால் எவ்வளவு அமத்துமோ அவ்வளவுதான். பூமியில இருந்து கிளம்ப இது ஒரு காலமும் காணாது, அதுக்கு நெருப்புக் கக்குற ரொக்கெட்தான் வேணும். ஆனா மேல போன பிறகு காத்து இல்லை, உராய்வு இல்லை, இந்த 9 கிராம் தள்ளு நாள் கணக்கா மாதக் கணக்கா வருசக் கணக்கா விடாமல் தள்ளும். ரியூசனில ஏ.எல் பிள்ளையளுக்கு இந்தக் கணக்கைக் குடுங்கோ: விண்கலம் 1200 கிலோ, விசை 0.09 நியூற்றன், ஒரு நாளையில எவ்வளவு வேகம் கூடும்? செக்கனுக்கு ஆறரை மீற்றர் அளவில வரும், அதாவது நாலு நாள் தள்ளினால்தான் மணிக்கு 90 கிலோமீற்றர் சொச்சம். எங்கட ஏ-9 றோட்டில ஓடுற பஸ் ஒரு நிமிசத்துக்குள்ள பிடிக்கிற வேகம் அது. ஆனா பஸ் அதுக்கு மேல கூட்டேலாது, இது கூட்டிக்கொண்டே போகும்.

நான் மேல சொன்ன கணக்கு சும்மா இல்லை, அது டோன் எண்ட விண்கலத்தின்ர கணக்கு. 2007 செப்டெம்பரில வெளிக்கிட்டது, 425 கிலோ செனன், மூண்டு எஞ்சின், ஆனா ஒரு நேரத்தில ஒண்டுதான் ஓடும். 2011 இல வெஸ்ரா எண்ட சிறுகோளைச் சுத்தத் துவங்கி ஒரு வருசத்துக்கு மேல சுத்திப் படமெடுத்துப்போட்டு, அங்கயிருந்து கழண்டு வெளிக்கிட்டு 2015 மார்ச்சில சீரிஸ் எண்ட குறுங்கோளுக்குப் போய் அதையும் சுத்தினது. பூமிக்கு வெளியில ரெண்டு உலகத்தைச் சுத்தின முதல் விண்கலம் அதுதான். சாதாரண எரிபொருளோட இதைச் செய்ய ஏலாது, ஏனெண்டால் சாதாரண ரொக்கெட் விடுற புகை செக்கனுக்கு மூண்டு நாலு கிலோமீற்றர் வேகம்தான், பத்து மடங்கு குறைவு, அதே வேலைக்கு தாங்கேலாத அளவு எரிபொருள் ஏத்த வேணும். சீரிஸில ஒக்கேற்றர் எண்ட பள்ளத்துக்குள்ள பளீரெண்டு வெள்ளையாத் தெரிஞ்சது சோடியம் காபனேற்று உப்பு எண்டு காட்டினதும் இதுதான். 2018 ஒக்ரோபர் கடைசியில திசை திருப்பிற ஐதரசீன் எண்ட எரிபொருள் முடிஞ்சு போச்சு, சத்தம் நிண்டது, விண்கலம் இன்னும் சீரிஸைச் சுத்திக்கொண்டு கிடக்குது.

குறையையும் சொல்லத்தான் வேணும். கரண்ட் இல்லாட்டி இந்த எஞ்சின் ஒரு சதத்துக்கும் உதவாது. டோனுக்கு பூமிக்குக் கிட்ட நிக்கேக்க 10 கிலோவாட் குடுத்த சூரியத் தகடு சீரிஸுக்குப் போகேக்க 1.3 கிலோவாட்தான் குடுத்தது, தூரம் கூடக் கூட வெயில் அதின்ர வர்க்கத்துக்குக் குறையும். அவசரத்துக்கும் உதவாது. ஆறுதலாப் போற ஆக்களுக்கான வாகனம்.

இனி ஹயபூசா. இதை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. ஜப்பான்காரர் 2003 மே 9 இல அனுப்பின விண்கலம், இற்றோகாவா எண்ட அரைக் கிலோமீற்றர் நீளக் கல்லுக்கு. நாலு அயன் எஞ்சின், இதில கதோட் வச்சு இல்லாமல் மைக்ரோவேவால அயனாக்கிறவை, வீட்டில சோறு சூடாக்கிற மைக்ரோவேவ் மாதிரித்தான். நாலில ஒண்டு துவக்கத்திலயே சரியில்லை, நிப்பாட்டி வச்சிட்டினம். திசை பிடிக்கிற மூண்டு சில்லில ரெண்டு 2005 இல போச்சு. குட்டி றோபோ ஒண்டை கல்லில இறக்க விட அது குறி தப்பி விண்வெளிக்குள்ள போட்டுது. கல்லின்ர மேல போட்ட குறிப் பந்தில 149 நாட்டு ஆக்கள் 8 லட்சத்து 80 ஆயிரம் பேரின்ர பேர் பொறிச்சிருந்தது, அது மட்டும் வடிவா இறங்கினது. நவம்பரில ரெண்டு தரம் தொட்டது, மண்ணைக் கிளப்ப சுட வேண்டிய குண்டு சுடேல்ல. இவ்வளவும் நடக்கேக்க கல்லு இருந்தது முப்பது கோடி கிலோமீற்றர் தூரத்தில, இஞ்சயிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரவே 16 நிமிசம், அதால கிட்டப் போய்த் தொடுற நேரம் கமராவைப் பாத்து தூரத்தை அளந்து அதுவே முடிவெடுக்க வேணும், ஆள் சொல்லிக் குடுக்க ஏலாது.

அதுக்குப் பிறகு சாதாரண எரிபொருள் கசிஞ்சு முழுக்கப் போட்டுது, விண்கலம் உருண்டு டிசம்பரில தொடர்பும் அறுந்துபோச்சு. ஏழு கிழமை சத்தமில்லை. 2006 ஜனவரி கடைசியில மெல்லிசா ஒரு சிக்னல் வந்தது. திசை திருப்ப எரிபொருள் இல்லை எண்ட உடன என்ன செய்தினம் எண்டால், எஞ்சினுக்கு வச்சிருந்த செனனை அயனாக்காமல் அப்பிடியே நியூட்ரலைசரால ஊதி விட்டு விண்கலத்தைத் திருப்பினவை. மூண்டு வருசம் பிந்தி அயன் எஞ்சினை மட்டும் நம்பித் திரும்பி வாற வழியில, 2009 நவம்பரில அதுவும் நிண்டது. ஏ எஞ்சினின்ர நியூட்ரலைசர் நல்லது, பி எஞ்சினின்ர அயன் அறை நல்லது, ரெண்டும் வேற வேற எஞ்சின். குனினாக்கா ஹித்தோஷி எண்ட எஞ்சினியரின்ர ஆக்கள் அனுப்ப முதலே அந்த ரெண்டு சேர்க்கிட்டுக்கும் நடுவில ஒரு டயோட், கரண்டை ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுற சின்னச் சாமான், போட்டு விட்டிருந்தவை, எதுக்கும் கிடக்கட்டும் எண்டு. அந்த ஒரு டயோட்டாலதான் பழுதான ரெண்டு எஞ்சினில இருந்து ஓடுற ஒரு எஞ்சின் வந்தது. 2010 ஜூன் 13 இல விண்கலம் எரிஞ்சுபோக அதின்ர பெட்டி மட்டும் அவுஸ்திரேலியா வூமெரா பாலைவனத்தில விழுந்தது, உள்ளுக்கை 1500 அளவு துணிக்கை, கனக்க கண்ணுக்கும் தெரியாத அளவு. சிறுகோளின்ர மண் பூமிக்கு வந்தது அதுதான் முதல் தரம்.

தொண்ணூறுகளில கரண்டும் இல்லாமல் பெற்றோலும் வராமல் கிடக்கேக்க மண்ணெண்ணெயில மோட்டர்சைக்கிள் ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுத்திச் செய்தி கேட்ட சனம் நாங்கள். ஹயபூசாவின்ர கதை எங்களுக்கு விளங்கிற மாதிரி வேற எந்த ஊருக்கு விளங்கும் எண்டு எனக்குத் தெரியேல்ல. இதை ஒரு பேப்பரும் போடேல்ல எண்டதுதான் என்ர ஆதங்கம்.

அதுக்குப் பிறகு ஹயபூசா-2 இந்தப் பிழையெல்லாம் திருத்தி, ரியூகு எண்ட கல்லில குழி தோண்டி 2020 டிசம்பரில 5.4 கிராம் கொண்டு வந்தது, அதுவும் அயன் எஞ்சின்தான், இன்னும் முடியேல்ல, 2031 இல இன்னொரு குட்டிக் கல்லுக்குப் போகுது. அமெரிக்காவின்ர சைக்கி எண்ட விண்கலம் 2023 ஒக்ரோபரில வெளிக்கிட்டது, தட்டு இல்லாமல் காந்தப் புலத்தை வச்சு அயனைத் தள்ளுற இன்னொரு வகை எஞ்சின், ஆயிரம் கிலோவுக்கு மேல செனன், 2029 இல உலோகம் கூடின ஒரு சிறுகோளுக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவின்ர ஒசைரிஸ் ரெக்ஸ் எண்ட விண்கலம் பென்னு எண்ட சிறுகோளில இருந்து 121.6 கிராம் கொண்டு வந்தது, அது பழைய மாதிரி எரிபொருள் எஞ்சின், எண்டபடியால் இஞ்ச விடுறன்.

விண்கல் பயம் உள்ள ஆக்களுக்கும் இந்த எஞ்சினில ஒரு பங்கு இருக்கு. 2022 செப்டெம்பர் 26 இல டார்ட் எண்ட விண்கலம் டைமோர்போஸ் எண்ட கல்லில செக்கனுக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில போய் அடிச்சு, அது பக்கத்தில இருக்கிற பெரிய கல்லைச் சுத்துற நேரத்தை அரை மணித்தியாலம் மட்டில குறைச்சது. அது அடிச்சுத் தள்ளுற வழி. 2005 இல எட்வர்ட் லூ, ஸ்ரான்லி லவ் எண்ட ரெண்டு விண்வெளி வீரர் இன்னொரு வழி சொன்னவை. கல்லுக்குப் பக்கத்தில ஒரு பாரமான விண்கலத்தைத் தொடாமல் நிப்பாட்டி வச்சால் அதின்ர ஈர்ப்பே கல்லை மெல்ல மெல்ல இழுக்கும், ஆனா விண்கலம் கல்லில விழாமல் வருசக் கணக்கா ஒரு சின்னத் தள்ளு குடுத்துக்கொண்டே இருக்க வேணும். அதுக்கு இந்த 9 கிராம் எஞ்சினை விட்டால் வேற ஆளில்லை. இது இன்னும் ஒருத்தரும் செய்து பாக்கேல்ல.

உதெல்லாம் அமெரிக்கா ஜப்பான் விசயம், யாழ்ப்பாணத்துக்கு என்ன எண்டு உங்கட பேப்பர் ஆக்கள் கேப்பினம். 2017 மே 5 இல இந்தியா சிறீஹரிகோட்டாவில இருந்து ஜிசாட்-9 எண்ட செய்மதியை அனுப்பினது, தெற்காசிய நாடுகளுக்கு அன்பளிப்பு எண்டு, அதில இலங்கையும் ஒண்டு. இந்தியா செனன் வச்ச மின் எஞ்சினை விண்வெளியில முதல் முதல் ஓட்டின செய்மதி அதுதான். அந்த நாள் பேப்பரில ஆர் ஆருக்கு என்ன சொன்னவை எண்டு அரசியல் முழுக்க இருந்தது, எஞ்சினைப் பற்றி நான் ஒண்டும் காணேல்ல. அதே மாதிரி தூத்துக்குடிப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில 2024 பெப்ரவரியில ரொக்கெட் தளத்துக்கு அத்திவாரம் போட்டவை. ஏன் அங்க? சிறீஹரிகோட்டாவில இருந்து நேர தெற்க விட்டால் இலங்கைக்கு மேலால போகும், அதால ரொக்கெட்டை வளைச்சு விட வேண்டிக் கிடக்கு, வளைக்கிறதுக்கு எரிபொருள் வீண். குலசேகரப்பட்டினத்தில இருந்து நேர விடலாம். எங்கட தீவு இருக்கிற இடத்தாலதான் இதெல்லாம் நடக்குது, எங்களுக்குத்தான் தெரியாது.

காரைநகர் அலன் ஆபிரகாம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில படிப்பிச்சுக்கொண்டு 1910 இல ஹலியின்ர வால்வெள்ளிக்குக் கணக்குப் போட்ட ஊர் இது. கம்பியூட்டர் இல்லை, கல்குலேற்றர் இல்லை. இப்ப யாழ் பல்கலைக்கழகத்தில பௌதிகவியல் துறை இருக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில பொறியியல் பீடம் இருக்கு, எழுத ஆள் இல்லை எண்டு சொல்லேலாது, கேக்க ஆள் இல்லை எண்டுதான் சொல்ல வேணும்.

நான் இப்ப ஏன் அவசரப்படுறன் எண்டால், 2029 இல அப்போபிஸ் வருது. 350 மீற்றர் அளவுக் கல், பூமிக்கு மேல 32 ஆயிரம் கிலோமீற்றரில கடந்து போகும், எங்கட ரீவி செய்மதியள் நிக்கிற உயரத்துக்கும் உள்ளால. கிட்ட வாற நேரம் எங்கட கணக்குப்படி ஏப்ரல் 14 விடியப்புறம் 3 மணி 16 நிமிசம் அளவில, வருசப்பிறப்பு நேரம். அடிக்காது, இன்னும் நூறு வருசத்துக்கு அடிக்காது எண்டு 2021 இல ரேடார் அளவெடுத்து நாசா சொல்லிட்டுது. ஐரோப்பா ஆபிரிக்கா ஆசியாவில கன இடங்களில வெறுங்கண்ணால பாக்கலாம். ஆனா வருசப்பிறப்புப் பலனோட சேந்து வட்ஸ்அப்பில என்னென்ன வரும் எண்டு இப்பவே எனக்குத் தெரியுது, கோயிலடியில ஒரு கதை, ரியூசன் வாசலில ஒரு கதை. இதே கல்லுக்குத்தான் 2004 டிசம்பர் 27 இல 2.7 வீதம் எண்டு சாத்தியம் ஏறினது, சுனாமி அடிச்ச மற்ற நாள். அண்டைக்கு மணற்காட்டிலயும் வடமராட்சி கிழக்கிலயும் பிணம் எடுத்துக்கொண்டிருந்த சனத்துக்கு அதைக் கேக்க எங்க நேரம், பழைய படங்களைத் தேடிப் பாத்து அண்டைக்கே அந்த வீதத்தை இறக்கியும் போட்டினம். 2029 இல அப்பிடி ஒரு மறைப்பு இருக்காது, எல்லாரின்ர கையிலயும் ஃபோன் இருக்கும்.

அதால என்ர கேள்வி இதுதான். மாதத்தில ஒரு அரைப் பக்கம், இப்ப இருந்தே, சிறுகோளுக்குப் போன விண்கலம் ஒண்டொண்டைப் பற்றியும் கிளிநொச்சிப் பெடியளைக் கொண்டோ யாழ் பல்கலைக்கழக ஆக்களைக் கொண்டோ எழுதுவிக்கேலாதா? படத்தோட, கணக்கோட, பிள்ளையள் வெட்டி ஒட்டக்கூடிய மாதிரி. சாதகப் பக்கத்தைக் குறைக்கச் சொல்லேல்ல, அது உங்கட வியாபாரம், ஆனா மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில பூட்டுற விளம்பரம் ஒண்டு குறைஞ்சால் இடம் வரும்.

முதல் கட்டுரை அயன் எஞ்சின் எண்டால் படத்துக்கு வெளிநாடு தேட வேண்டாம், கடையில உடைஞ்ச பிக்சர் ரியூப் கிடக்குது, கழுத்து முழுசா இருக்கு, கதோட்டும் கிறிட்டும் வடிவாத் தெரியும், கமராவோட ஒரு ஆளை அனுப்புங்கோ. ஞாயிறு கடை பூட்டு.

இப்படிக்கு,
ஒரு ரீவி திருத்துநர்,
கொக்குவில்.